மருந்து இல்லாத வரிசை

அரியலூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சண்டைக்காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸ் காலியாகிக்கொண்டிருந்தது. வருகிற வண்டியில் எல்லாம் ஜன்னல் கம்பியில் ஆள் தொங்கும். அண்டா, கட்டில், தையல் மிஷின், தொட்டில், எல்லாம் வந்து இறங்கும். ஒருநாள் தகரப் பெட்டிகள் இறங்கின. மூடிக்குப் பதிலாகக் கம்பி வலை. உள்ளே வெள்ளைச் சுண்டெலி. கண் மட்டும் சிவப்பு.

கூட வேலை பார்த்தவன் ஒருத்தன், எங்க ஊரு எலி உங்களுக்குப் பத்தலையா என்று கேட்டான். பெட்டிக்காரர் சிரிக்கவில்லை. சாய்க்காமல் இறக்குங்கள் என்றார். மெலிந்த ஆள். கண்ணாடி போட்டிருந்தார். கோட்டு வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு பெட்டியை மட்டும் யாரிடமும் தராமல் அவரே மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

பெரம்பலூர் ரோட்டில் பழைய கடலைக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். தலையில் பெட்டியோடு அங்கே நடந்தேன். வழியில், இதெல்லாம் எதுக்குங்க என்றேன். அவர் சொன்னார், மனுஷனுக்கு வருகிற புத்துக்கட்டி இந்த எலிகளுக்கும் இருக்கிறது, அதற்குப் பச்சிலையில் மருந்து இருக்கிறதா என்று தேடுகிறேன் என்று.

நான் நின்றுவிட்டேன். என்னப்பா, கனமா இருக்கா என்றார். இல்லீங்க என்று நடந்தேன்.

என் பெண்சாதிக்கு இடது மார்பில் கட்டி இருந்தது. அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

மறுநாள் அவரிடம் வேலை கேட்டேன். கொடுத்தார்.

வீட்டில் வந்து சொன்னேன். அவள் சிரித்தாள். ஆடு மேய்க்கிறவனுக்குக் கட்டிக்குடுக்கப் பாத்தாங்க, வேணாம்னேன், இப்ப எலி மேய்க்கிறவன் வாச்சுட்டான் என்றாள். பிறகு எதற்காக அந்த எலிகள் என்று சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். ஒரு ஆம்பளையிடம் மாரைக் காட்டுவதற்குப் பதில் செத்துப்போகலாம் என்றாள். அதோடு அவர் வைத்தியம் பார்க்கிற டாக்டரும் இல்லை. எலிகளைப் பார்க்கிற டாக்டர். ஊரில் எலி டாக்டர் என்றே பேர் வந்துவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து அவளும் வேலைக்கு வந்தாள். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று நீங்கள் வந்து சொல்லி நான் நம்புகிறதைவிட நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. குடிசையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் போய்விடுவோம்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அங்கே நடந்ததை எனக்குப் புரிந்த மாதிரிதான் சொல்ல முடியும்.

கட்டி உள்ள எலி ரொம்ப நாள் தாங்காது. அது சாகிறதற்குள் அந்தக் கட்டியில் கொஞ்சம் எடுத்து, உப்புத் தண்ணீரில் கரைத்து, நல்ல எலியின் தொடையில் தோலுக்கு அடியில் ஊசியால் போடுவார். அங்கே அது கடலை அளவுக்கு வரும். பிறகு புளியங்கொட்டை. பிறகு எலியைவிடக் கட்டி பெரிதாகத் தெரியும். அதிலிருந்து எடுத்து இன்னொரு எலிக்கு. இப்படியே விட்டுப்போகாமல் கொண்டுபோக வேண்டும். ஒரு முறை விட்டால் அந்தக் கட்டி அதோடு போச்சு. ஸ்டேஷனில் அவர் கையை விட்டு இறக்காத பெட்டி அதுதான். விதை நெல்லு மாதிரிங்களா என்று அவள் கேட்டாள். அப்படித்தான் என்றார். அன்றிலிருந்து நாங்கள் அதை விதை என்றே சொன்னோம்.

முதலில் எனக்கு அருவருப்பாக இருந்தது. நோயைப் போய் யாராவது விதை கட்டி வைப்பார்களா. அவளுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு கூண்டாகப் போய்ப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தன் சேலை முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள்.

ஊரில் எங்கள் மேல் கோபம் இருந்தது. அரிசி கிடைக்காத காலம். எலிக்குப் பால் வாங்குகிறார்கள் என்று பேச்சு. ஊரெல்லாம் எலிக்குப் பாஷாணம் வைக்கிறான், இவரு பால் வைக்கிறாரு என்று டீக்கடையில் சொல்வார்கள். கடலைக் கிடங்கு என்பதால் ஊர் எலியும் வரும். கூண்டுக்கு வெளியே கறுப்பு எலி, உள்ளே வெள்ளை எலி. ஒன்றை ஒன்று மோந்து பார்த்துக்கொள்ளும். வெளியே இருப்பதை அடிக்க வேண்டும், உள்ளே இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். அதுதான் என் வேலை.

மருந்துச் செடி குரும்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியர் கொண்டுவருவார். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் சாக்கு மூட்டையோடு வந்து இறங்குவார். முகமெல்லாம் கரி. ஆடுதின்னாப்பாளை, எருக்கு, நிலவேம்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. நிழலில் உலர்த்தி, இடித்து, ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, வடிகட்டி, கொதிக்கிற தண்ணீர் மேல் தட்டு வைத்து அதை வற்ற விடுவார் டாக்டர். கடைசியில் வெல்லப்பாகு மாதிரி ஒன்று அடியில் நிற்கும். அதுதான் மருந்து.

கிடங்கில் இரண்டு சுவர். கிழக்குச் சுவரோரம் ஒரு வரிசைக் கூண்டு. மேற்குச் சுவரோரம் ஒரு வரிசை. இரண்டு வரிசைக்கும் ஒரே நாளில் ஒரே கட்டியிலிருந்து விதை போடுவார். கிழக்கு வரிசைக்குக் கேழ்வரகு மாவில் மருந்தைக் கலந்து உருண்டை. மேற்கு வரிசைக்கு வெறும் மாவு உருண்டை. மேற்கில் கட்டி வளர்ந்து, கிழக்கில் வளராமல் இருந்தால் மருந்து நல்ல மருந்து. எரு போட்ட வயலும் போடாத வயலும் மாதிரி. இது எங்களுக்கு ஒரே பேச்சில் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. புரியாமல் அவள் எதையும் செய்யவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மேற்கு வரிசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. விதை அங்கேதான் உயிரோடு இருக்க வேண்டும்.

ஆடுதின்னாப்பாளையில் ஒன்றும் நடக்கவில்லை. எருக்கில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு சுவரிலும் கட்டி ஒரே மாதிரி பெருத்தது. செத்த எலியை எல்லாம் நான் பின்பக்கம் குழி வெட்டிப் புதைப்பேன். அவள் ஒவ்வொரு செடிக்கும் முதல் நாள் உற்சாகமாக இருப்பாள். அது தோற்றால், அடுத்தது என்ன செடிங்க என்று டாக்டரிடம் கேட்பாள். வேறு ஒன்றும் கேட்க மாட்டாள். அவள் கட்டி அப்போது புளியங்கொட்டையைத் தாண்டியிருந்தது.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விக்கிரமங்கலத்துப் பக்கம் அவள் ஊர். சின்ன வயசில் பண்ணையார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். பந்தலுக்குள் எங்கள் ஜனம் உட்கார முடியாது. வைக்கோல்போர் ஓரம் தரையில் இலை போட்டு உட்கார வைப்பார்கள். உள்ளே பந்தி எல்லாம் முடிந்த பிறகு மிச்சம் வரும். சோறு வந்தது. குழம்பு வந்தது. பாயச வாளி வந்தது. அவளுக்கு முந்தின இலையில் கரண்டி வாளியின் அடியைச் சுரண்டியது. வாளிக்காரன் திரும்பிப் போய்விட்டான். "வாசம் மட்டும் நம்ம இலைக்கு வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

எங்கள் ஜனத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் வாளியை இவள்தான் வாங்குவாள். முதல் இலையிலிருந்து போட மாட்டாள். நேரே கடைசி இலைக்குப் போய் அங்கிருந்து போட்டுக்கொண்டு வருவாள். முன்னால் உட்கார்ந்திருக்கிற பெரிய ஆட்கள் கேலி பண்ணுவார்கள். ஏண்டியம்மா, எங்களுக்கு வந்து சேர்றதுக்குள்ள விடிஞ்சுரும் போலருக்கே என்பார்கள். பசிச்சா பின்னாடி வந்து உக்காருங்க மாமா என்பாள்.

கிடங்கிலும் அவள் மேற்கு வரிசையிலிருந்துதான் தீனி வைக்க ஆரம்பிப்பாள். நான் பார்த்திருக்கிறேன். அது அவள் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

பங்குனி கடைசியில் கொடிவேலி வந்தது. வேலியோரம் தானாக முளைக்கிறதுதான். வெள்ளைப் பூ. வேரைத் தொட்டு நசுக்கினால் தோல் பொத்துக்கொள்ளும். இடித்தது அவள். கை முழுக்கக் கொப்புளம். விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் இடித்தாள்.

முதல் தடவை டாக்டர் மருந்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். கிழக்கு வரிசை எலிகள் ரத்தமாகக் கழிந்து செத்தன. கட்டி பெருக்கிறதற்கு முன்னாலேயே செத்தன. இரண்டாம் தடவை வெகுவாகக் குறைத்தார். ஒரு சட்டிக்கு ஊசி முனையில் எடுத்த மாதிரி.

அந்தச் சித்திரையில் வெயில் மாதிரி நான் பார்த்ததில்லை. கிடங்கு ஓடு தொட்டால் சுடும். ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்பேன். கட்டி போடாத நல்ல எலிகூட மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். சிலது செத்தது.

கிழக்கு வரிசையில் கட்டி வளர்வது நின்றது. பிறகு சுருங்கியது. டாக்டர் இடுக்கி மாதிரி ஒரு கருவியால் அளப்பார். அன்றைக்கு அளந்தார். திரும்ப அளந்தார். என்னைக் கூப்பிட்டு, நீ தொட்டுப் பார் என்றார். தொட்டேன். தொடையில் புளியங்கொட்டை இருந்த இடத்தில் உளுந்து மாதிரி இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். என் பெண்சாதி வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

பிறகு அவர் மேற்கு வரிசைக்குப் போனார்.

முதல் கூண்டைத் திறந்தார். அளந்தார். அடுத்தது. அடுத்தது. கடைசி வரைக்கும் போனார். அங்கேயும் உளுந்துதான். சிலதில் அதுவும் இல்லை. அவர் நடு இடத்தில் நின்று இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் பார்த்தார். வெயில் என்றார். போய் அவர் மேஜையில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மிச்சமிருக்கிற எலி எல்லாம் பிழைத்திருக்கிறது. அவர் முகம் எழவு வீட்டு முகமாக இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்தோம். ரயில்பாதை ஓரம் வந்ததும் நின்றாள்.

"நான் எல்லாத்துக்கும் போட்டுட்டேங்க" என்றாள்.

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவளே சொன்னாள். இந்த இரண்டாம் தடவை டாக்டர் மருந்து கலந்து வைத்துவிட்டுப் போன பிறகு, அந்த மாவையும் வெறும் மாவையும் ஒரே சட்டியில் கொட்டிப் பிசைந்திருக்கிறாள். இரண்டு வரிசைக்கும் அதே உருண்டை. அந்த நேரத்தில் நான் வெளியே கூண்டு கழுவிக்கொண்டிருப்பேன்.

ஏன் புள்ள என்றேன்.

"அந்தச் செவுத்துல இருக்குறது என்ன பாவம் பண்ணிச்சு. இதுக்கும் அதுக்கும் ஒரே நோவு. ஒண்ணுக்குப் போட்டுட்டு ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்க, என்னால கையக் கழுவிட்டு வர முடியலைங்க."

முன்னாடி செடிகளுக்கும் இப்படித்தானா என்றேன். இல்லை என்றாள். அது எல்லாம் பாத்துப் பொறுத்துக்கிட்டேன், இது நல்ல மருந்துன்னு கை பொத்துனப்பவே தோணிச்சு, நல்ல மருந்த எப்படிங்க மறைச்சு வக்கிறது என்றாள். எனக்குத் திட்ட வரவில்லை.

மறுநாள் காலையில் அவளே போய் அவரிடம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

நான்தான் கேட்டேன். எல்லாத்துக்கும் போட்டிருக்கு, எல்லாத்துக்கும் சுருங்கியிருக்கு, அப்ப மருந்து நல்லதுதானேங்க என்று.

அவர் தலையை ஆட்டினார். கட்டி சூட்டிலும் சாகும் என்றார். இந்த வெயிலில் எலி உடம்பு கொதித்துக் கிடந்தது, கட்டி தானாகவே கருகியிருக்கலாம், மெட்ராஸில் இந்த வெயில் கிடையாது, முன்னால் பார்த்ததோடு ஒப்பிட முடியாது என்றார். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்:

"மருந்துதான்னு நான் சொல்லணும்னா, மருந்து திங்காத ஒண்ணு செத்திருக்கணும்மா."

"ஒண்ணு செத்தாத்தான் உங்களுக்குத் தெரியுமா?"

"ஆமா. செத்தாத்தான் தெரியும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்ப இன்னொரு தடவை பாத்துரலாங்க, இந்தத் தடவை நான் கைய வக்கல, அவரே தீனி வக்கட்டும் என்று என்னைக் காட்டினாள்.

எதை வைத்துப் பார்ப்பது. விதை இல்லை. இரண்டு சுவரிலும் ஒரு கட்டிகூட உயிரோடு இல்லை. அவர் மிச்சமிருந்த உளுந்துகளை எடுத்து நல்ல எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. விதை நெல்லையும் சேத்து அவிச்சுட்டேன் என்றாள் அவள். அவர் பம்பாய்க்குத் தந்தி அடித்திருப்பதாகவும், அங்கே இதே கட்டி உள்ள எலி இருப்பதாகவும், வந்து சேர்ந்து பெருக்கிப் பார்க்கப் பல மாதம் ஆகும் என்றும் சொன்னார்.

எனக்கு அம்புட்டு நாளு இருக்குமான்னு தெரியலங்க என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. நான் சொன்னேன். சொல்லும்போது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

டவுன் ஆஸ்பத்திரி நர்சம்மாவை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். நர்சம்மா பார்த்துவிட்டு, அக்குளிலும் இருக்கிறது என்றாள். அவர் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இப்பவே போங்க என்றார். அவள் போக மாட்டேன் என்றாள். பம்பாய் எலி வரட்டும் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. அந்த மருந்தில் எனக்கும் ஆசை இருந்தது. உளுந்தைத் தொட்டுப் பார்த்தவன் நான்.

தினமும் ஸ்டேஷனுக்குப் போனேன். பழைய கூட்டாளிகள், என்னடா, எலிக்கு மாப்பிள்ளை வரணுமா என்று கேட்டார்கள். ஆமாடா என்பேன். மிலிட்டரி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது. பார்சல் எல்லாம் எந்த ஜங்ஷனில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் வந்தது. பெட்டியைத் தூக்கும்போதே தெரிந்தது. எலிப் பெட்டி தலையில் இருந்தால் உள்ளே ஓட்டம் தெரியும். கனம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். இது அப்படியே இருந்தது. நாற்றமும் இருந்தது. ஆனாலும் சாய்க்காமல்தான் கொண்டுபோனேன்.

அவள் கிடங்கு வாசலில் நின்றிருந்தாள். நான் நடந்து வருகிறதைப் பார்த்தே உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் டாக்டர் அவளை உட்காரச் சொல்லிப் பேசினார். அவர் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேஜையில் கொடிவேலி மருந்து புட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திருச்சிக்குப் போக வேண்டும் என்று அவர் மறுபடி சொன்னார். அவள் கேட்டாள்:

"நான் எந்த வரிசைங்க?"

அவர் புட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கிழக்கா, மேக்கா? அத மட்டும் சொல்லிருங்க."

"உன்ன வரிசையில வைக்கிறதுக்கு எனக்கு உரிமை இல்லம்மா" என்றார். "எலிக்கு எவ்வளவு போட்டா சாகும்னு பாத்துட்டேன். மனுஷிக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. நான் குடுத்து நீ ரத்தமா கழிஞ்சு செத்தா, அத நான் கொண்ணதுன்னுதான் சொல்லணும்."

"சும்மா இருந்தாலும் சாவுதானேங்க."

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

நல்ல மனுஷன். இன்றைக்கும் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் அந்தப் புட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நானும் போனேன். குழிகள் இருக்கிற இடத்தில் நின்று மண்ணில் கவிழ்த்து ஊற்றினார். உங்கிட்ட இருந்தா குடுத்துருவே என்றார் என்னிடம். கொடுத்திருப்பேன்.

திருச்சிக்குப் போனோம். வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பொம்பளை டாக்டர்தான் பார்த்தாள். போன வருஷம் வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், இப்போது உள்ளே இறங்கிவிட்டது, அறுத்தால் புண் ஆறாது, வீட்டுக்குக் கூட்டிப்போ என்றாள். வலிக்கு மருந்து கொடுத்தாள். வண்டியில் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். லால்குடி தாண்டும்போது, இங்க எல்லாம் நல்லா வெளஞ்சிருக்கு என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

மெட்ராஸில் பயம் தெளிந்துவிட்டது. போனவர்கள் எல்லாம் திரும்பினார்கள். டாக்டருக்கும் திரும்பி வரச்சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. கூண்டுகளை நான்தான் வண்டியில் ஏற்றினேன். நல்ல எலிகளை எடுத்துக்கொண்டார். கொடிவேலி தின்று பிழைத்த எலிகளில், வெயிலிலும் அறுத்துப் பார்த்ததிலும் போனது போக, ஒன்றே ஒன்று அப்போது மிச்சம் இருந்தது. மேற்கு வரிசை எலி. இதை வைத்து இனிமேல் ஒன்றும் பார்க்க முடியாது என்றார். அவள் கேட்டாள். கொடுத்துவிட்டார். வண்டி கிளம்பும்போது என் தோளைப் பிடித்தார். ஏதோ சொல்ல வந்தார். விசில் ஊதிவிட்டார்கள்.

எலியை ஒரு மண்ணெண்ணெய் டின்னில் வலை கட்டிக் குடிசையில் வைத்தோம்.

கொடிவேலி எங்கள் வேலியிலும் இருந்தது. அதை யாரும் கொட்டிக் கவிழ்க்க முடியாது. ஒருநாள் அவள் வேலியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் மண்வெட்டியை எடுத்தேன்.

டாக்டர் செய்த மாதிரியே உலர்த்தினேன், இடித்தேன். ஸ்பிரிட்டுக்கு நான் எங்கே போவேன். சுடுதண்ணீரில் ஊறவைத்து வற்ற வைத்தேன். அதே மாதிரி கறுப்பாகத்தான் வந்தது. உள்ளே அதே மருந்து இருந்ததா என்று தெரியாது. எவ்வளவு கொடுப்பது என்றும் தெரியாது. ரத்தமாகக் கழிந்த எலிகள் கண்ணில் நின்றன. நான்தானே புதைத்தேன். மாவில் ஊசி முனை அளவு வைத்து, மிளகு மாதிரி உருட்டினேன்.

"எலிக்கு உருட்டுற மாதிரியே உருட்டுறீங்களே" என்றாள். "நான் என்ன அம்புட்டு எளச்சா போயிட்டேன்?"

வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். வாய் வெந்தது. மறுநாளும் கொடுத்தேன். அடுத்த நாளும். கொஞ்சம் பெரிதாக உருட்டலாமா என்று கை போகும். நின்றுவிடும். பெரிதாக உருட்டினால் கொல்லும். சின்னதாக உருட்டினால் ஒன்றும் செய்யாது. நடுவில் ஒரு அளவு இருந்திருக்கும். இருந்ததா என்பதே தெரியாது. கேட்க ஆள் இல்லை.

வாய்ப் புண்ணில் சோறு இறங்கவில்லை. ஒருநாள் உருண்டையைத் தள்ளிவிட்டாள். போதுங்க, கஞ்சி எறங்கட்டும், அது எறங்குனாப் போதும் என்றாள். நிறுத்தினேன். கட்டி அது பாட்டுக்குப் பெருத்தது. பிறகு உடைந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

படுக்கையிலிருந்தே எலிக்குத் தீனி வைப்பாள். டின் அவள் கை எட்டுகிற இடத்தில் இருந்தது. கஞ்சி கொண்டுவந்தால் முதல் பருக்கை அதற்குப் போகும். அதன் தொடையில் ரோமம் மறுபடி முளைத்து, ஊசி போட்ட இடமே தெரியாது. பின்காலில் நின்று வலையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்கும். எம்மாம் ஜம்முனு இருக்கு பாருங்க என்பாள். அவளுக்கு அதன்மேல் பொறாமை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு இருந்தது.

கடைசியில் ஒருநாள் சொன்னாள். கலந்தது தப்புன்னு நெனைக்கிறீங்களா என்று கேட்டாள்.

எனக்குப் பொய் சொல்ல வராது. தெரியல புள்ள என்றேன்.

"எனக்கும் தெரியலங்க" என்றாள். "ஆனா மறுபடி சட்டியக் குடுத்தாலும் அப்படித்தான் பிசைவேன்."

ஐப்பசி மழையில் போய்விட்டாள். பாடை கொண்டுபோகிற பாதையெல்லாம் சேறு. கருமாதிக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டோம். வாளியை வாங்க ஆள் இல்லாமல் கொஞ்ச நேரம் எல்லாரும் நின்றார்கள். பிறகு யாரோ வாங்கி முதல் இலையிலிருந்து போட ஆரம்பித்தார்கள்.

மறுபடி ஸ்டேஷனுக்கு மூட்டை தூக்கப் போனேன். எலி இருந்தது. காலையில் தீனி வைத்துவிட்டுப் போவேன். வந்து வைப்பேன். அடுத்த கோடையும் கண்டது. அந்த வருஷமும் வெயில்தான். மூச்சு வாங்கியது. ஈரச் சாக்கு போட்டேன். தாண்டிவிட்டது. பிறகு ரோமம் உதிர்ந்து, முதுகு வளைந்து, ஒருநாள் காலையில் டின் மூலையில் சுருண்டு கிடந்தது.

எடுத்துத் தொடையைத் தடவிப் பார்த்தேன். அந்தத் தொடை, இந்தத் தொடை, வயிறு எல்லாம் தடவினேன். டாக்டர் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தேன். கட்டி இல்லை. வயசாகிச் செத்திருந்தது.

மருந்தா, வெயிலா, எனக்குத் தெரியாது. மருந்து இல்லாத வரிசையில் வைத்த எலி அது. அதற்கும் அவள் போட்டுவிட்டாள்.